காம்பாக்டா, டிஎஸ்எல்ஆரா? வாங்கும் முன் ஒரு கேள்வி பதில்

காம்பாக்ட் என்று இங்கே சொல்வது சட்டைப்பையில் போகிற மெல்லிய கேமராவை. டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா; இங்கே 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு (கேமராவோடு சேர்த்தே கொடுக்கும் லென்ஸ்) வரும் தொடக்கநிலை மாடல். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இரவில் வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் காம்பாக்டில் எல்லாம் கலங்கி வருகிறது. டிஎஸ்எல்ஆர் வாங்கினால் சரியாகிவிடுமா சார்?

பதில்: கிட் லென்ஸோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் சரியாகும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சுமாரான விளக்கு வெளிச்சமுள்ள அறையில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப்/3.5 வைத்தால் ஷட்டர் ஏறக்குறைய 0.4 வினாடி திறந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் நிற்காத குழந்தைக்குக் குறைந்தது 1/125 வினாடி வேண்டும். அந்த வேகத்துக்குப் போனால் ஐஎஸ்ஓ 4800 ஆகிவிடும். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அபர்ச்சர் எஃப்/5.6 ஆகச் சுருங்கி, ஐஎஸ்ஓ 12,000ஐத் தாண்டும். அதே பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா) 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போடுங்கள், 1250லேயே வேலை முடிந்துவிடும்.

இப்போது சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு. காம்பாக்டில் பெரும்பாலும் இருப்பது 1/2.3 அங்குல வகை, பரப்பு சுமார் 28 சதுர மி.மீ. டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 330 முதல் 370 சதுர மி.மீ. கிட்டத்தட்ட 12 மடங்கு. ஒரே காலத்து சென்சார்கள் என்றால், காம்பாக்டில் ஐஎஸ்ஓ 4800ல் தெரியும் நாய்ஸ் (படத்தில் வரும் மணல்மணலான புள்ளிகள்), டிஎஸ்எல்ஆரில் 50,000க்கு மேல் போனால்தான் தெரியும். ஆகவே கிட் லென்ஸ் இருந்தாலும் டிஎஸ்எல்ஆர் முன்னால்தான் நிற்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றத்தைத் தருவது அந்த எஃப்/1.8 லென்ஸ். பட்ஜெட்டில் அதற்கும் இடம் விட்டுவிட்டு பாடியைத் தேர்ந்தெடுங்கள். பாடி ஒரு மாடல் பழையதானாலும் பரவாயில்லை.

இமேஜ் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிக்கட்டும், குழந்தையின் ஓட்டத்தை அல்ல.

கேள்வி: 1 அங்குல சென்சார் காம்பாக்ட் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எந்தப் பக்கம் சேரும்?

பதில்: நடுவில். சோனி 2012ல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்100 இந்த வகையைப் பிரபலமாக்கியது. 240 கிராம் எடை, சென்சார் 13.2 x 8.8 மி.மீ., ஜூம் செய்யாத நிலையில் எஃப்/1.8. மேலே சொன்ன அறையில் இது ஐஎஸ்ஓ 1250ல் எடுக்கும். சென்சார் பரப்பு ஏபிஎஸ்-சியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அந்த 1250, டிஎஸ்எல்ஆரின் 4000க்குச் சமம். கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் கேட்டது 4800. அதாவது சட்டைப்பைக் கேமரா ஒரு மயிரிழை ஜெயிக்கிறது!

ஜூம் செய்தால் கதை மாறும். அந்த லென்ஸ் மறுமுனையில் எஃப்/4.9 ஆகிவிடுவதால் கிட் லென்ஸிடம் தோற்றுப்போகும். கிட் லென்ஸைக் கழற்றவே போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்தால், டிஎஸ்எல்ஆரைவிட இந்த வகைதான் என் தேர்வு.

கேள்வி: காம்பாக்டில் 20 மெகாபிக்சல், டிஎஸ்எல்ஆரில் 24. நாலு மெகாபிக்சலுக்கா இவ்வளவு பேச்சு?

பதில்: எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஏ4 தாளில் 300 டிபிஐயில் அச்சடிக்க 8.7 மெகாபிக்சல் போதும், இரண்டிலுமே அது தாராளம். வித்தியாசம் பிக்சலின் அளவில். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சியில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான் அகலம், காம்பாக்டின் 20 மெகாபிக்சலில் 1.2 மைக்ரான். அவ்வளவு சின்ன பிக்சலில் வரும் நாய்ஸை கேமரா தானே தேய்த்துத் துடைத்து ஜேபெக் ஆக்குகிறது. படத்தை 100 சதவீதம் பெரிதாக்கி தலைமுடியைப் பாருங்கள், தண்ணீர் பட்ட வாட்டர்கலர் போல இழுபட்டிருக்கும். ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப்படம்) எடுக்க முடிந்தால் இதை ஓரளவு தவிர்க்கலாம். சின்ன காம்பாக்ட்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

கேள்வி: பட்டனை அழுத்தியபின் கொஞ்சம் கழித்துத்தான் கிளிக் ஆகிறது. சிரிப்பு போனபிறகு படம் வருகிறது அண்ணா. காம்பாக்ட் என்றாலே இப்படித்தானா?

பதில்: தாமதம் ஷட்டரில் இல்லை, ஃபோகஸில். காம்பாக்ட் லென்ஸை நகர்த்தி, படம் கூர்மையாகிறதா என்று பார்த்து, உச்சத்தைத் தாண்டிப் போய், தாண்டிவிட்டோம் என்று தெரிந்தபின் திரும்பி வருகிறது. இருட்டில் இந்த ஊசலாட்டம் இன்னும் நீளும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழி ஃபோகஸ் வேறு முறை. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று ஒரே பார்வையில் கணக்கிட்டு லென்ஸை நேராக அங்கே கொண்டுபோகிறது.

உங்கள் காம்பாக்டிலேயே இதைச் செய்து பாருங்கள். குழந்தை இருக்கும் தூரத்திலுள்ள எதையாவது குறிவைத்து பட்டனைப் பாதி அழுத்துங்கள். பச்சைக் கட்டம் வந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக் காத்திருங்கள். சிரிப்பு வந்ததும் மீதிப் பாதி. ஃபிளாஷையும், சிவப்புக்கண் தடுப்பையும் அணைத்துவிடுங்கள். அந்தத் தடுப்பு, படம் எடுக்கும் முன் தனியாக விளக்கடித்து மேலும் நேரம் தின்னும். குழந்தை உங்களை நோக்கி ஓடிவந்தால் மட்டும் இந்த வித்தை உதவாது. அங்கே டிஎஸ்எல்ஆரின் தொடர் ஃபோகஸ்தான் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பழைய டிஎஸ்எல்ஆரில் பின்திரையைப் பார்த்து எடுத்தால் அதுவும் காம்பாக்ட் போலத்தான் தடவும். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுங்கள்.

கேள்வி: பின்னணி மங்கலாக வேண்டும். என் காம்பாக்டில் எஃப்/3.5 இருக்கிறது, கிட் லென்ஸிலும் எஃப்/3.5. பிறகு ஏன் எனக்கு மங்க மாட்டேன் என்கிறது?

பதில்: எஃப் எண் ஒன்றுதான், ஆனால் லென்ஸின் உண்மையான மி.மீ. (குவியத் தூரம்) வேறு. காம்பாக்டின் லென்ஸ் அகலக் கோணத்தில் 4, 5 மி.மீ.தான் இருக்கும். சின்ன சென்சாரில் எஃப்/3.5 தரும் மங்கல், டிஎஸ்எல்ஆரில் எஃப்/13 வைத்தால் வருவது. முகத்தை அருகில் போய் எடுத்தால் கொஞ்சம் மங்கும், ஆனால் அகலக் கோணத்தில் மூக்கு பெருத்துவிடும். பின்னே நகர்ந்து, ஜூமை முழுதாக நீட்டி, ஆளுக்குப் பின்னால் பத்து மீட்டராவது வெற்றிடம் இருக்கும்படி நிற்க வையுங்கள். அதற்குமேல் கறக்க முடியாது.

இதே குணம் வேறிடத்தில் வரம். மூன்று வரிசையாக நிற்கும் குழுவில் கடைசி வரிசை முகமும் தெளிவாக வரும். பூ, பூச்சி, நாணயம் போன்றவற்றை சில செ.மீ. நெருங்கி எடுத்தால் பொருளின் கூடுதல் பகுதி ஃபோகஸில் இருக்கும். கிட் லென்ஸ் 25 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது, அந்தத் தூரத்தில் எஃப்/5.6 வைத்தால் பூவின் ஒரு இதழ்தான் கூர்மையாக இருக்கும். காம்பாக்டில் அவ்வளவு நெருங்கும்போது லென்ஸ் நிழல் பொருள்மேல் விழும், பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள்.

கேள்வி: நண்பரிடமிருந்து பழைய நிக்கான் 50 மி.மீ. லென்ஸ் கிடைத்தது. டி3500ல் மாட்டினால் ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் போய்விட்டதா?

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். நிக்கானின் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப், ஏஎஃப்-டி என்ற பழைய வகை லென்ஸ்களிலும் இல்லை. பாடி, லென்ஸ் இரண்டில் ஒன்றிலாவது இருக்க வேண்டும். கையால் வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்யலாம். வியூஃபைண்டரின் கீழே இடதுபக்கம் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தால் கூர்மை கிடைத்துவிட்டது. புதிதாக வாங்குவதானால் பெயரில் ஏஎஃப்-எஸ் (மோட்டார் உள்ள வகை) இருக்கிறதா பாருங்கள். ஏஎஃப்-பி லென்ஸும் டி3500ல் வேலை செய்யும், ஆனால் டி40, டி3000 போன்ற பழைய பாடிகளில் செய்யாது. இந்த விஷயத்தில் கேனன்காரர்களுக்குத் தலைவலி குறைவு: 1987 முதல் வந்த இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

கேனனில் வேறு இடத்தில் கத்தரி வைத்திருக்கிறார்கள். 2000டி, 4000டி இரண்டிலும் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனை இல்லை. அந்த ஒற்றை முனையை நம்பும் பழைய ஃபிளாஷ்களும், ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் டிரிக்கர்களும் அவற்றில் வேலை செய்யாது. பின்னாளில் ஃபிளாஷ் வாங்கும் எண்ணம் இருந்தால் இவை வேண்டாம்.

கேள்வி: பயணத்துக்கு எது?

பதில்: எடையைப் பார்த்தால் டி3500 பாடி 365 கிராம், கிட் லென்ஸ் 200 சொச்சம். கனம் பெரிதல்ல, பருமன்தான் தொல்லை: பையிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றுவதற்குள் காட்சி போய்விடும். பேட்டரியில் மட்டும் டிஎஸ்எல்ஆர் பல மடங்கு மேல். டி3500 ஒரு சார்ஜில் சோதனைக் கணக்குப்படி 1,550 படம், மெல்லிய காம்பாக்ட் 200 சொச்சம். காம்பாக்ட் எடுத்துப்போனால் ஒரு உபரி பேட்டரி கட்டாயம்.

கேள்வி: வீடியோ?

பதில்: அதற்காகவே என்றால் இரண்டுமே வேண்டாம். டிஎஸ்எல்ஆர்தான் என்று முடிவாகிவிட்டால், திரையில் பார்த்து எடுக்கும்போதும் ஃபோகஸ் தடவாமல் ஓடும் கேனன் 200டி பாருங்கள், வெளி மைக் செருகவும் துளை உண்டு. டி3400, டி3500 இரண்டிலும் மைக் துளை இல்லை.

கேள்வி: ஐயா, பழையது வாங்கப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: டிஎஸ்எல்ஆர் என்றால் முதலில் ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண். தொடக்கநிலை பாடிகளின் ஷட்டர் சுமார் 1,00,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே (படத்தோடு பதிவாகும் விவரம்) எண் இருக்கும். கேனனில் பெரும்பாலும் கேமராவைக் கணினியில் இணைத்துத் தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டபடியே 30 வினாடி எக்ஸ்போஷர் ஒன்று எடுங்கள்; கறுப்புப் படத்தில் சிவப்பு, நீலப் புள்ளிகள் ஓரிரண்டு சகஜம், கொத்துக்கொத்தாக இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸின் முன்னாலிருந்து டார்ச் அடித்து, பின்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்திருந்தால் பூஞ்சை.

காம்பாக்டில் பார்க்க வேண்டியது ஜூம் குழாய். பத்து முறை நீட்டிச் சுருக்குங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல். நீட்டிய நிலையில் லேசாக ஆட்டினால் ஒரு பக்கமாகத் தொய்கிறதா பாருங்கள். முழு ஜூமில் வானத்தை ஒரு படம்: சாம்பல் நிற வட்டத் திட்டுகள் தெரிந்தால் தூசி உள்ளே போய்விட்டது, பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது மெமரி கார்டை. 32 ஜிபி வரை போகும் எஸ்டிஎச்சி கார்டுகள் 2006ல்தான் வந்தன. அதற்கு முந்தைய கேமரா என்றால் 2 ஜிபியோடு நிற்கும். 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி காம்பாக்ட் பலவற்றில் எக்ஸ்டி கார்டு. அது இப்போது புதிதாகத் தயாராவதில்லை.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் செத்துப்போன தொழில்நுட்பம் என்கிறார்களே?

பதில்: நிக்கானின் டி3000 வரிசை 2018ல் வந்த டி3500ஓடு முடிந்துவிட்டது, அது உண்மை. அதனால் கையிலிருக்கும் கேமரா படம் எடுக்க மறுக்கப்போவதில்லை. லென்ஸ் வீணாகுமோ என்ற பயத்துக்குத் தனியாகப் பதில் உண்டு: கேனன் இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக அவர்களின் மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத புதிய வகை கேமரா) ஆட்டோஃபோகஸோடு ஓடும். நிக்கானின் எஃப்டிஇஸட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் அப்படியே ஓடும், மோட்டார் இல்லாத ஏஎஃப்-டியில் ஆட்டோஃபோகஸ் ஓடாது.

கேள்வி: லென்ஸ் மாற்றினால் தூசி போகுமாமே. அதற்கே பயந்து காம்பாக்ட் பக்கம் சாய்கிறேன்.

பதில்: பயப்பட வேண்டியது நேர்மாறாக. டிஎஸ்எல்ஆரில் தூசி போகும், எடுத்தும் விடலாம். காம்பாக்டில் ஒருமுறை போனால் அவ்வளவுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது: ஐஎஸ்ஓ 100, எஃப்/22, மேனுவல் ஃபோகஸில் வேண்டுமென்றே கலங்கலாக வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைத் திரையையோ எடுங்கள். எஃப்/22ல்தான் தூசியின் நிழல் தெளிவாக விழும், எஃப்/4ல் பரவி மறைந்துவிடும். படத்தில் மேலே இடது மூலையில் புள்ளி இருந்தால், லென்ஸைக் கழற்றி கேமராவின் வாய் உங்களைப் பார்த்தபடி நேராகப் பிடிக்கும்போது, தூசி இருப்பது சென்சாரின் கீழே இடது மூலை. மேல்கீழ் மட்டும்தான் தலைகீழாகும்.

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்துவிட்டு மெனுவில் சென்சார் கிளீனிங்குக்காக, சென்சாருக்கு முன்னால் நிற்கும் கண்ணாடியைத் தூக்குங்கள். பாதியில் சார்ஜ் தீர்ந்தால் அந்தக் கண்ணாடி சட்டென்று பழைய இடத்துக்கே விழும். கேமராவைத் தரை பார்க்கக் கவிழ்த்து, ரப்பர் புளோயரால் ஐந்தாறு முறை ஊதுங்கள். முனை கேமராவுக்குள் நுழைய வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்றும் கூடாது, அதன் திரவம் பீச்சி சென்சார்மேல் கறையாகிவிடும். மறுபடி எஃப்/22ல் ஒரு படம். புள்ளி அங்கேயே அசையாமல் இருந்தால் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு சென்சார் அளவுக்கேற்ற ஸ்வாபும் (துணி சுற்றிய துடைக்கும் குச்சி) திரவமும் வேண்டும். ஒரு பக்கமாக ஒரே இழுப்பு, அதே ஸ்வாபின் மறுபக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு. அதற்குமேல் அதே ஸ்வாபைப் பயன்படுத்தினால், எடுத்த தூசியையே தேய்த்துக் கீறிவிடுவீர்கள்.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன். வியூஃபைண்டரில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது. திருப்பித் தந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு சின்ன சக்கரமோ நகர்த்தியோ இருக்கும், டயாப்டர் என்பார்கள். காட்சியைப் பார்க்காமல், கீழே ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே அது கூர்மையாகும்வரை திருப்புங்கள். உங்களுடையது 4000டி என்றால் தேடாதீர்கள், அதில் அந்தச் சக்கரமே வைக்கவில்லை. கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.