சின்ன ஊரில் தொழில் செய்பவருக்கும் எழுதுபவருக்கும் மொபைலும் வெளிநாட்டுப் பயணமும் உண்மையிலேயே உதவுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. 2018 செப்டம்பரில் அம்மாவின் இரண்டு வளையல்களை அடகு வைத்து மிலானுக்குப் போனவன் நான். ஒரு ஆர்டர்கூட இல்லாமல் திரும்பினேன். அப்படியும் போனது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நீங்கள் சின்னதாக ஒரு தொழிலைத் தொடங்கி, ஓடிக்கொண்டிருந்தும் பெரிதாகவில்லையே என்று யோசிப்பவராக இருக்க வேண்டும். ராத்திரியில் கொஞ்சம் எழுதவும் செய்வீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், எனக்குத் தெரிந்த நிலைமை இது ஒன்றுதான்.

எனக்கு வீடு வேலூர் சத்துவாச்சாரியில், பட்டறை ஆம்பூரில். ஒன்பது பேர் சேர்ந்து தோல் பெல்ட்டும் பர்ஸும் செய்கிறோம். 'பாலாற்றைக் கெடுத்தவர்கள்தானே நீங்கள்' என்று யாராவது கேட்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் பதனிடும் கழிவால் ஆறு கெட்டது உண்மை. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் வழக்கில் சொன்னது சரியான தீர்ப்பு. நான் தோல் பதனிடுவதில்லை, பதனிட்டு வந்ததை வாங்கி வெட்டித் தைக்கிறேன். அதற்காக எனக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மிலானை ஒட்டி ரோ என்ற இடத்தில் பெரிய கண்காட்சித் திடல் இருக்கிறது. பை, பெல்ட், பர்ஸ் இவற்றுக்கென்றே மிப்பெல் என்ற சந்தை அங்கே நடக்கும். ஸ்டால் எடுக்க எனக்கு வசதியில்லை. பார்வையாளராகப் பன்னிரண்டு மாதிரிகளோடு போனேன். முதல் நாள் பூராவும் ஒவ்வொரு ஸ்டாலாக ஏறி இறங்கினேன். விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு சிரித்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் மத்தியானம், மூலையில் இருந்த ஒரு ஸ்டாலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் பெல்ட்டைக் கையில் வாங்கினார். நம் ஊரில் யார் பெல்ட்டை எடுத்தாலும் மேல்பக்கத்தைத் தடவுவார்கள், வளைப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள். அவர் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் திருப்பி, வெட்டிய விளிம்பில் கட்டைவிரலை வைத்து, பக்கிளில் இருந்து நுனிவரை மெதுவாக இழுத்தார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே எட்ஜ் பெயிண்ட், அதாவது வெட்டிய விளிம்பில் பூசும் பெயிண்ட், மயிரிழை அளவு வெடித்திருந்தது. அன்றுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

இத்தாலியனில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து மொபைலை நீட்டினேன். 'கடற்கரை சரியில்லை' என்று திரையில் வந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் கடற்கரை. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, அவரே என் கட்டைவிரலைப் பிடித்து அந்த வெடிப்பின் மேல் வைத்தார். அப்புறம் தன் பெல்ட் ஒன்றை எடுத்து அதன் விளிம்பிலும் வைத்தார். கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எப்படி என்று கையால் செய்து காட்டினார்: பெயிண்ட், உப்புத்தாள், பெயிண்ட், உப்புத்தாள், பெயிண்ட்.

அவர் சொன்ன சொல் 'கோஸ்தா' என்று அறைக்கு வந்து தேடியபோது தெரிந்தது. இத்தாலியனில் அதற்குக் கடற்கரை என்று அர்த்தம். தோல் வேலைக்காரர்களிடம் அதுவே விளிம்பு. அந்த இரண்டாவது அர்த்தம் மொபைலுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மொபைல் தப்பாகச் சொல்லிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வேட்டியின் விளிம்பை நாமும் கரை என்றுதானே சொல்கிறோம்? ஆரணிப் பட்டுக்கும் கரை, கடலுக்கும் கரை. எங்கள் பட்டறையில் தோல் வெட்டும் பாய் வீட்டில் உருது பேசுபவர். அவர் பெல்ட்டின் விளிம்பைக் 'கினாரா' என்பார். உருதுவில் ஆற்றங்கரைக்கும் அதே சொல்தான். மூன்று மொழியிலும் விளிம்புக்கும் நீர்க்கரைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷமாகத் தினமும் அந்த விளிம்பைக் கையில் பிடித்திருக்கிறேன். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அதுவரை எழுதிய கதைகளெல்லாம் நான் பார்த்திராத மனிதர்களைப் பற்றியவை.

கிளம்புவதற்கு முந்தைய நாள், ரயிலில் விஜேவனோ என்ற ஊருக்குப் போனேன். பழைய செருப்புத் தொழில் ஊர். அங்குள்ள கோட்டைக்குள்ளேயே காலணி அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பெயாத்ரிச்சே தெஸ்தே என்ற சீமாட்டியுடையது என்று சொல்லப்படும் 15-ஆம் நூற்றாண்டுக் காலணி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது எங்கள் கோட்டை ஞாபகம் வந்தது. 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு ஒரு காரணம், புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். தோல் வேலை செய்கிற நான், அந்தக் குஞ்சத்தை வெட்டியவன் யார், தைத்தவன் யார் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது எழுதிக்கொண்டிருப்பது அவனைப் பற்றித்தான்.

ஊருக்கு வந்ததும் விளிம்புக்கு ஒரு கோட் அடித்ததை மூன்றாக்கினோம். ஒரு நாளைக்கு எண்பது பெல்ட் முடிந்த இடத்தில் ஐம்பதுதான் முடிந்தது. பட்டறையில் முணுமுணுத்தார்கள், அது நியாயம்தான். வாட்ஸ்அப் பிசினஸில் போடும் படங்களையும் மாற்றினேன். மேலிருந்து எடுப்பதை விட்டுவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் வைத்து விளிம்பு தெரிகிற மாதிரி எடுத்தேன். நாலு மாதம் கழித்துப் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் படத்தில் விளிம்பைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்பி, 'எல்லா பீஸிலும் இப்படியே வருமா?' என்று கேட்டார். இன்றுவரை வாங்குகிறார். வளையல்களைப் பதினாலாவது மாதத்தில் மீட்டேன்.

ஆம்பூரிலேயே இதைவிட நல்ல எட்ஜ் வேலை நடக்கிறதே, இதற்கு மிலான் எதற்கு என்று கேட்கலாம். நடக்கிறது, பெரிய ஏற்றுமதி கம்பெனிகளில். என்னைப் போன்ற சின்ன ஆளை வேலை நடக்கும் இடத்துக்குள் விடுவார்களா? அவ்வளவு தூரம் போன பிறகுதான் ஒருவர் என் விரலைப் பிடித்துக் காட்டினார்.

எழுதுவதற்கும் மொபைல்தான். தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியை கூகுள் 2017 ஆகஸ்டிலேயே கொண்டுவந்துவிட்டது. மிலான் போகும்வரை பில் போச்சா, பணம் வந்ததா என்று கேட்கத்தான் அதைப் பயன்படுத்தினேன். இப்போது மெஷின்கள் நின்ற பிறகு பட்டறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறேன். 'தோல்' என்று நான் சொல்வதெல்லாம் 'தோள்' என்று விழுகிறது. ஒவ்வொன்றாகத் திருத்துகிறேன். திருத்தப் போகும்போதுதான் அந்த வரியில் வேறென்ன உண்மையாக இல்லை என்றும் தெரிகிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தபோது இது வட ஆற்காடு மாவட்டம். 1989-இல் ஒரு தடவை பிரித்தார்கள். 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்ததும் வீடு வேலூர் மாவட்டத்திலும் பட்டறை திருப்பத்தூர் மாவட்டத்திலும் வந்துவிட்டன. ஏற்றுமதிக் காகிதத்தில் பழைய மாவட்டம், ஜிஎஸ்டியில் புதியது. இதைக் காட்டி ஒரு வங்கியில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் வேலை போனது. ஒன்பது பேருக்குச் சம்பளம் தருகிறவனுக்கு அரை நாள் என்றால் என்னவென்று அந்தக் கவுன்டரில் உட்காருபவர்கள் யோசிக்க வேண்டும்.

போவதாக இருந்தால், நீங்கள் செய்ததைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால் யாரும் எதையும் தொட்டுக் காட்ட முடியாது.

பாய் இப்போது தினமும் ராத்திரி ஒரு ஆடியோ அனுப்புகிறார். 'தம்பி, இதையும் எழுதிக்கோ' என்று பட்டறைச் சொல் ஒன்றைச் சொல்வார். நூற்றெழுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. தோலின் வயிற்றுப் பக்கத்தில், இழுத்தால் தளர்ந்து வரும் பகுதிக்கு அவருடைய அப்பா சொன்ன சொல்லை நேற்று அனுப்பினார். நாலு தடவை கேட்டும் நடு எழுத்து 'ட'வா 'த'வா என்று பிடிபடவில்லை. காலையில் போய் நேரிலேயே கேட்க வேண்டும்.