உலகப் பொதுச் சுகாதாரத்தில் கைரோபிராக்டிக் சிகிச்சைக்கு உண்மையில் பங்கு இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் சின்னப் பங்கு. கைரோபிராக்டிக் என்பது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் தள்ளிச் செய்யும் சிகிச்சை; அதைச் செய்பவர் கைரோபிராக்டர். முதுகுவலி, கழுத்துவலி, கழுத்திலிருந்து கிளம்பும் சில தலைவலிகள், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் நிற்கும் கைரோபிராக்டரால் உபகாரம் உண்டு. ஆஸ்துமா, நோய் எதிர்ப்புச் சக்தி என்று எல்லை தாண்டினால் உபத்திரவம்தான்.

2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி. 2050-ல் இது 84.3 கோடியைத் தொடும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர்களை முடக்கிப்போடும் கோளாறுகளில் உலக அளவில் முதலிடம் இதற்கே. ஆளைக் கொல்லாது என்பதால் அரசாங்கங்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் கொத்தனாருக்கோ நாற்று நடுபவருக்கோ இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போச்சு. இந்த வலியில் பெரும்பகுதிக்கு ஸ்கேனில் காட்டக்கூடிய தனிக் காரணம் கிடையாது, அறுவை சிகிச்சையும் வேண்டாம். வேண்டியது, ஆபத்தான நோய் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லி, பயத்தைப் போக்கி, நடக்கவைக்கும் ஓர் ஆள். அந்த ஆள் பிசியோதெரபிஸ்டாக இருக்கலாம், பயிற்சி பெற்ற செவிலியராக இருக்கலாம், கைரோபிராக்டராகவும் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தரும் சிகிச்சை பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறது. உடற்பயிற்சி, மசாஜ், அக்குபங்சர், வலியைப் பற்றிய விளக்கக் கல்வி ஆகியவற்றோடு சேர்த்துத்தான். அதுவும் நிபந்தனையோடு கூடிய பரிந்துரை, சான்றின் உறுதி மிகக் குறைவு என்ற குறிப்போடு. கைரோபிராக்டர்களின் விளம்பரங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லும். வேண்டாம் என்று அதே ஆவணம் ஒதுக்கியவற்றையும் பாருங்கள்: இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு வலிநிவாரணிகள். நம்மூர் பீரோக்களில் எத்தனை பெல்ட் கிடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை என்னவென்றால், நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, கீழ்க்காலை நீட்டச் சொல்வார்கள். தோளை ஒரு கையால் பிடித்து, இடுப்பை மெதுவாக உருட்டி, மூட்டில் இருக்கும் தளர்வு முழுக்க எடுபடும்வரை கொண்டுபோய் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஒரு சின்ன, வேகமான தள்ளு. ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம்தான். அப்போது நெட்டி முறிகிற சத்தம் வரும். விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்பார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-ல் விரல் மூட்டு நெட்டி முறிவதை எம்ஆர்ஐ-யில் படம்பிடித்தார்கள். மூட்டுப் பரப்புகள் சட்டென்று பிரியும்போது, உள்ளிருக்கும் திரவத்தில் வாயுக்குழி உருவாவது தெரிந்தது. சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் தோல்வி என்பதற்கும் ஆதாரம் இல்லை.

வலி குறைவது உண்மை, அளவு மிதமானது. புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு 2017-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வில், 100 புள்ளி அளவுகோலில் சராசரியாகச் சுமார் 10 புள்ளி குறைந்தது. நாள்பட்ட வலிக்கு 2019-ல் 47 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், பரிந்துரைக்கப்பட்ட மற்ற சிகிச்சைகளுக்கு இணையான பலன் என்றார்கள். ஆக, ஒரு நாடு கைரோபிராக்டர்களைச் சேர்த்துக்கொள்வதா என்பதைச் சிகிச்சையின் மகிமை தீர்மானிப்பதில்லை. கையில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு செலவு, மற்ற மருத்துவர்களோடு எப்படி இணைக்கிறோம் என்பவைதான் தீர்மானிக்கும்.

டென்மார்க் இதை ஒழுங்காகச் செய்தது. ஓடென்ஸ் நகரில் இருக்கும் தென் டென்மார்க் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் ஐந்தாண்டுப் படிப்பு. ஆரம்ப வருடங்களில் எம்பிபிஎஸ் மாதிரியான மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பு, முடிந்ததும் ஓராண்டு மேற்பார்வைப் பயிற்சி. டாக்டர் சீட்டு இல்லாமலே நோயாளி நேரே போகலாம், கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு தரும். ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் பிற்பாடு ஒருவருக்கொருவர் நோயாளியை அனுப்புவதில் கௌரவப் பிரச்சினை குறைவு.

அமெரிக்கா நேர்மாறு. 1895-ல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் இதைத் தொடங்கியதிலிருந்து டாக்டர்களோடு பகை. அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களைத் திட்டமிட்டுப் புறக்கணித்தது என்று 1976-ல் தொடரப்பட்ட வழக்கில், 1987-ல் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு 1970-களின் தொடக்கத்திலேயே கைரோபிராக்டிக்கை ஏற்றுக்கொண்டது. ஆனால் கைரோபிராக்டர் செய்வதில் முதுகெலும்பைக் கையால் தள்ளும் அந்த ஒரு செயலுக்கு மட்டுமே பணம். பரிசோதனைக்கு இல்லை, உடற்பயிற்சி கற்றுத்தருவதற்கும் இல்லை. எதற்குக் காசோ அதுதான் நடக்கும். முதுகுவலிக்கு அதிகம் தேவைப்படும் விளக்கமும் பயிற்சியும் அங்கே இலவச இணைப்பாகிவிட்டன. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் இதற்கு எதிர்த்திசையில் போனது: கைச் சிகிச்சையைத் தனியாகத் தராதே, உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் கொடு.

ஏழை நாடுகளில் என்ன செய்வது? நரம்பியல் மருத்துவரும் கைரோபிராக்டருமான ஸ்காட் ஹால்டெமன் 2008-ல் தொடங்கிய வேர்ல்ட் ஸ்பைன் கேர், போட்ஸ்வானாவின் மகாலாபியே, ஷோஷோங் ஆகிய இடங்களில் சிகிச்சையகம் நடத்தியது. யோசனை நல்லது. ஆனால் வெளிநாட்டுத் தன்னார்வலர்களை நம்பி ஓடும் எந்தத் திட்டத்துக்கும் உள்ள சிக்கல் இதற்கும் உண்டு: நோயாளி பழகுவதற்குள் சிகிச்சையாளர் ஊருக்குக் கிளம்பிவிடுவார். உலகின் சுமார் ஒரு லட்சம் கைரோபிராக்டர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உலகத்தின் முதுகுவலியை இவர்கள் தீர்ப்பார்கள் என்பது பேராசை.

அடுத்தது உபத்திரவம். முதுகெலும்பு சிறிதளவு விலகுவதே சகல நோய்க்கும் மூலம் என்ற பால்மர் காலக் கொள்கையை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பிரிவு உண்டு. கைரோபிராக்டர்களிடையே உள்ள தடுப்பூசி எதிர்ப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. 2020-ல் கொரோனா பரவியபோது முதுகைச் சரிசெய்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று சிலர் கடை விரித்தார்கள். கைரோபிராக்டர்களின் உலகக் கூட்டமைப்பே அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கைக்குழந்தைகளுக்குச் செய்யப்போய்ப் பெரும் சர்ச்சை. 2019-ல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்புத் தள்ளுச் சிகிச்சை கூடாது என்று அங்குள்ள வாரியம் இடைக்காலத் தடை விதித்தது.

பாதுகாப்பு விஷயத்தில் கழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் முதுகெலும்புத் தமனி, கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியே ஏறி, உச்சியில் வளைந்து உள்ளே நுழைகிறது. அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான். கனடாவின் ஒன்டாரியோவில் இந்த வகைப் பக்கவாதம் வந்த 818 நோயாளிகளை ஆராய்ந்த 2008 ஆய்வில், முன்னதாகக் கைரோபிராக்டரிடம் போனதற்கும் பக்கவாதத்துக்கும் இருந்த தொடர்பு, குடும்ப டாக்டரிடம் போனதற்கு இருந்ததைவிட அதிகமாக இல்லை. ஏற்கெனவே தமனி கிழிந்து, அந்த வலிக்காகவே அவர்கள் போயிருக்கலாம் என்பது விளக்கம். அப்படியே இருந்தாலும் கிழிந்த தமனி உள்ள கழுத்தைத் திருப்புவது விபரீதம். இதுவரை இல்லாத மாதிரி திடீர் கழுத்துவலி அல்லது தலைவலி, அதோடு தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், தள்ளாட்டம் இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் தாடையைப் பிடித்து டக்கென்று திருப்புகிறார்களே, அதை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் முதுகெலும்புக் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இங்கே. கிருமி அரித்த எலும்பின் மேல் தள்ளினால் எலும்பு நொறுங்கிக் கால்கள் செயலிழக்கக்கூடும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், படுத்தாலும் விடாத இரவு வலி, இவற்றைக் கேட்காமல் கை வைப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வதோ, உட்காருமிடத்தில் உணர்வு மரத்துப்போவதோ இருந்தால் அன்றைக்கே அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இங்கே கைரோபிராக்டருக்கென்று தனி கவுன்சில் இல்லாததால் இரண்டு வாரப் பயிற்சி முடித்தவரும் பலகை மாட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-ல் முழுப் பயிற்சிக்கு வகுத்த குறைந்தபட்ச அளவு 4,200 மணி நேரம். அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கூசாமல் கேளுங்கள். மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவத்துக்கான 2016 சட்டத்தின் கீழ் வரும் துறை என்பதால் அங்கே பதிவு எண்ணையே கேட்கலாம்.

முதல் நாளில் கேள்வி, தட்டினால் கால் தானாகத் துள்ளுகிறதா என்ற அனிச்சைச் சோதனை, கால் பெருவிரல் பலம், காலை நீட்டித் தூக்கும் சோதனை எல்லாம் நடக்க வேண்டும். எடுத்த எடுப்பில் முழு முதுகு எக்ஸ்ரே கேட்டால் சந்தேகப்படுங்கள். ஆபத்து அறிகுறி இல்லாத புது வலிக்கு முதல் ஆறு வாரம் படம் தேவையில்லை என்று அமெரிக்கக் கைரோபிராக்டர் சங்கமே 2017-ல் சொல்லிவிட்டது. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடம்பு வலிப்பது சகஜம். நான்கு வாரத்தில் குனிவது, நடப்பது, தூங்குவது எதிலும் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். 24 அமர்வுக்கு முன்பணம் கேட்பவரிடம் முதல் நாளே கும்பிடு போட்டுவிடலாம்.