அடர் பச்சை மார்பிள் பேனல் போட்டால் அறை இருண்டுவிடுமா, கல் வளைந்துவிடுமா?

வரவேற்பறையின் ஒரு சுவர் முழுக்க அடர் பச்சை மார்பிள் போட ஆசை, ஆனால் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். உங்களைப் பயமுறுத்தியவர் எங்கோ சிமெண்ட் கலவையில் ஒட்டிய பச்சைக் கல் வளைந்ததைப் பார்த்திருப்பார். ஒட்டியவர் செய்த தவறுக்குக் கல்லைத் திட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பச்சை மார்பிள் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது சர்ப்பென்டினைட் என்ற வேறு வகைக் கல். வெள்ளை மார்பிளில் இருப்பது கால்சைட்; இதில் இருப்பது மெக்னீசியம் சிலிக்கேட். பின்பக்கம் ஈரம் ஏறினால் அந்தப் பக்கம் மட்டும் லேசாக விரியும், முன்பக்கம் அப்படியே இருக்கும். மெல்லிய பலகை வளையாமல் என்ன செய்யும்? தண்ணீர் சேராத எபாக்சி பசையில் ஒட்டினால் இந்தப் பிரச்சினையே வராது. 20 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டரே 50 கிலோவைத் தாண்டும் என்பதால் பெரிய பலகைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு கிளாம்பும் வேண்டும்.

ஒரு அலுவலகக் கட்டடத்தின் வரவேற்புக் கூடத்தில் நான் மேற்பார்வை பார்த்தேன். எபாக்சிதான் என்று வரைபடத்திலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். நான் அங்கே இல்லாத நேரத்தில் ஒப்பந்தக்காரர் செலவை மிச்சம் பிடிக்க, சாதாரண டைல்ஸ் பசையைத் தண்ணீரில் குழைத்து ஒட்ட வைத்துவிட்டார். மறுநாள் ஜாயிண்ட்டில் விரலை ஓட்டினால் ஓரங்கள் தூக்கி நிற்கின்றன. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சுவர் நெளிகிறது. "கல்லே மட்டமான சரக்கு சார்" என்றார் அவர். உரிமையாளரும் நம்பிவிட்டார். மிச்சமிருந்த ஒரு பலகையின் பின்பக்கம் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, அப்புறம் மேலே நேர்க்கோலை வைத்து இடைவெளியைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாயடைத்தார்கள். எல்லாவற்றையும் பெயர்த்து, அதே வகைக் கல்லை எபாக்சியில் ஒட்டினோம். இன்றுவரை ஆடவில்லை, அசையவில்லை. ஆனால் திறந்த புத்தகத்தின் இரு பக்கம் போல வெள்ளை நரம்புகள் எதிரெதிரே சேரும்படி நான் பொறுக்கி அடுக்கியிருந்த ஜோடிகள் பெயர்த்ததில் உடைந்து போயின. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

எல்லாப் பச்சைக் கல்லும் வளையும் என்று நான் சொல்லவில்லை. கல்லுக்குக் கல் மாறும், சில நன்றாகவே தாங்கும். கல் வியாபாரிகள் கோபிக்க வேண்டாம்.

சரி, இருட்டு. 1929இல் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ பார்சிலோனாவில் கட்டிய பெவிலியன் என்ற கண்காட்சி மண்டபத்தில் பச்சை மார்பிள் சுவர்கள்தான் கண்ணைப் பிடிக்கும். பக்கத்திலேயே வெளிர் நிற டிராவர்ட்டைன் கல் தரையும் கண்ணாடியும் இருப்பதால் பச்சை எடுபடுகிறது. ஐ.நா. பொதுச்சபையில் பேசுபவருக்குப் பின்னால் தெரிவதும் பச்சை மார்பிள்தானே, அந்தக் கூடம் இருண்டா கிடக்கிறது? ஒரு சுவரோடு நிறுத்துங்கள், தரையும் கூரையும் வெளிர் நிறமாக இருக்கட்டும். மங்கலான மஞ்சள் விளக்கில் இந்தக் கல் கறுப்பாகத்தான் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் நல்ல விளக்கு போடுங்கள்.

இது நீங்கள் கேட்காத விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். சர்ப்பென்டினைட் சிலவற்றில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை இருக்கும். மூடிய அறைக்குள் இதை உலர்வாக அறுக்கச் சொல்லிவிட்டு, முகக்கவசம்கூடத் தராத இடங்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்த சுவரைப் படம் எடுத்துப் போடும்போது எங்கள் பெயர் வருகிறது, தூசியைச் சுவாசித்தவர் பெயர் வருவதில்லை. உங்கள் வீட்டு வேலையில் கல்லை வெளியே வைத்து, தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். துகள் வடிகட்டும் கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். அறுத்த பலகை முழுக்கக் காய்ந்த பிறகே சுவரில் ஏறட்டும்.