வாஷிங்டன் என்பது முதலில் ஊர்ப் பெயரா, ஆள் பெயரா? அமெரிக்காவில் அந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவராக இருப்பது ஏன்?

முதலில் ஊர். அந்த ஊரை வைத்து ஒரு குடும்பத்துக்குப் பெயர். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஒருவரை வைத்து மறுபடியும் ஊர்கள். முதல் பாதிக்கு இவ்வளவுதான் பதில். இரண்டாம் பாதி கனமானது. அதற்காகத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் பாதி தெரியாமல் அது சரியாகப் பிடிபடாது.

ஆதி வாஷிங்டன் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில், சண்டர்லாந்து, டர்ஹம் மூன்றுக்கும் நடுவில். நான் சண்டர்லாந்தில் படித்தவன். பகுதிநேர வேலைக்கு அந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுவேன். பஸ்ஸின் முகப்பில் 'வாஷிங்டன்' என்று எரிவதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த நம்மூர்ப் பையன்கள் போனில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இறங்கிப் பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் தெரியாது. நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர் அது. 1964-இல் அரசு அதைப் புதுநகரமாக அறிவித்து, ரவுண்டானாவும் குடியிருப்பும் தொழிற்பேட்டையுமாக மாற்றிவிட்டது. பக்கத்திலேயே நிசான் கார் ஆலை.

இத்தனைக்கும் நடுவில் பழைய கிராமம் கலையாமல் இருக்கிறது. மேட்டின்மேல் ஒரு சர்ச், அதையொட்டி மணற்கல்லால் கட்டிய வீடு. வாஷிங்டன் ஓல்டு ஹால் என்பார்கள். இப்போது நிற்கும் கட்டடத்தில் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆனால் அந்த இடத்தின் கதை அதற்கும் 400 ஆண்டுகளுக்கு முந்தையது.

12ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்துக்கு டர்ஹம் பிஷப் வைத்ததே சட்டம். தன் நிலங்களில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன கொடுக்க வேண்டும் என்று 1183-இல் அவர் ஒரு கணக்கேடு எழுத வைத்தார். போல்டன் புக் என்று அதற்குப் பெயர். அதில் வில்லியம் என்ற நிலக்கிழார் வருகிறார். ஹெர்ட்பர்ன் என்ற ஊர் அவர் கையில் இருந்தது. அதை பிஷப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். சர்ச்சும் சர்ச்சுக்குச் சேர்ந்த நிலமும் மட்டும் இந்த மாற்றத்தில் சேர்த்தியில்லை. நிபந்தனை இரண்டு: பிஷப்புக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், அவர் பெருவேட்டைக்குக் கிளம்பினால் 4 வேட்டைநாய்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஹெர்ட்பர்ன்காரராக இருந்தவர் வாஷிங்டன்காரர் ஆனார், பெயரும் அப்படியே மாறியது. இன்று உலகப்படத்தில் பரவிக் கிடக்கும் வாஷிங்டன்களில் பெரும்பாலானவை இந்த நிலமாற்றத்திலிருந்து கிளம்பியவைதான்.

ஊரைப் பெயரோடு சேர்ப்பது நமக்கும் பழக்கம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. நம் பக்கம் அந்த எழுத்து பெரும்பாலும் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறையோடு நின்றுவிடும். பிள்ளைக்கு அப்பா பெயர் முதலெழுத்தாக வந்துவிடும். அங்கே ஊர் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. பேரன் பிழைப்புக்கு வேறு சீமை போனாலும் பாட்டன் ஊரைச் சுமந்துகொண்டே போனான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் லாரன்ஸ் வாஷிங்டன். நார்த்தாம்டனில் கம்பளி வியாபாரம் செய்தார், அந்த நகரத்துக்கு மேயராகவும் இருந்தார். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539-இல் சல்கிரேவ் என்ற கிராமத்தில் நிலம் வாங்கி வீடு கட்டினார். அந்த வீட்டு வாசலில் குடும்பச் சின்னம் செதுக்கப்பட்டிருக்கிறது: இரண்டு பட்டைகள், அவற்றுக்கு மேலே மூன்று நட்சத்திரங்கள். அதே சின்னம்தான் வெள்ளையும் சிவப்புமாக, 1938 முதல் அமெரிக்கத் தலைநகரின் கொடியாகப் பறக்கிறது. அமெரிக்க தேசியக் கொடியே இதிலிருந்துதான் பிறந்தது என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

லாரன்ஸின் வம்சத்தில் பின்னால் வந்த ஒரு பாதிரியாரை, இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1643-இல், சாராயக்கடையே கதி என்று கிடக்கிறார் என்று குற்றம்சாட்டிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். குடும்பம் நொடித்தது. மகன் ஜான் 1650களில் கப்பலேறி வர்ஜீனியா போய்ப் புகையிலை பயிரிட்டார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் 1732-இல் பிறந்த, பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியான ஜார்ஜ் வாஷிங்டன்.

அவர் பெயரில் அமைந்த இடங்களைப் பட்டியல் போட்டால் பதில் முடியாது. தலைநகருக்கு 1791-இல், அவர் பதவியில் இருக்கும்போதே பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அவர் பெயரில் இருக்கின்றன. மேற்குக் கடற்கரையில் சியாட்டில் இருக்கும் மாநிலத்துக்கு 'கொலம்பியா' என்றுதான் அங்குள்ள மக்கள் கேட்டார்கள். தலைநகர் மாவட்டத்தின் பெயரும் கொலம்பியாவாக இருப்பதால் குழப்பம் வரும் என்று, 1853-இல் நாடாளுமன்றம் அதை வாஷிங்டன் என்று மாற்றியது. குழப்பம் தீர்ந்ததா என்பதை, இன்றைக்கும் 'எந்த வாஷிங்டன்?' என்று கேட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டியிருக்கும் அமெரிக்க உறவினர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாம் பாதி.

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயரோடு இருந்தவர்கள் 1,63,036 பேர். அவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. உடன்பிறந்தவர்கள் வழியில் வந்த வெள்ளை வாஷிங்டன்கள் உண்டு, ஆனால் எண்ணிக்கை சொற்பம். அந்தப் பெயரை இன்று தூக்கி நிறுத்தியிருப்பவர்கள் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள்.

உடனே எல்லோரும் சொல்லும் விளக்கம், 'ஆண்டை பெயர் அடிமைக்கு ஒட்டிக்கொண்டது' என்பது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஜார்ஜுக்கு 11 வயதிலேயே அப்பாவின் சொத்தாக 10 அடிமைகள் வந்து சேர்ந்தார்கள். அவர் இறந்த 1799-இல் மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அதில் அவருக்கே உரியவர்கள் 123 பேர். அவர்களை விடுவிக்க உயில் எழுதினார், 1801 ஜனவரி 1-இல் அவர் மனைவி மார்த்தா அவர்களை விடுவித்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து. மார்த்தா இறந்ததும் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரண்டு பிரிவிலும் ஒருவருக்கொருவர் மணமுடித்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. கணவன் விடுதலையாக, மனைவியும் பிள்ளைகளும் வேறொருவர் பங்காகப் போன குடும்பங்கள் உண்டு.

ஆனால் 123 பேரை வைத்து ஒன்றரை லட்சம் பேருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. அண்ணன் தம்பி, மருமகன்கள் பண்ணைகளைச் சேர்த்தாலும் போதாது. பெரும்பாலோர் அந்தக் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள். அப்படியானால் பெயர் எப்படி வந்தது? அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இதை விளங்கிக்கொள்ள, பெயரே இல்லாமல் எண்ணப்பட்ட காலத்தைப் பார்க்க வேண்டும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. பக்கத்தின் ஓரத்தில் உரிமையாளரின் முழுப் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வரிசை வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயருக்கு இடமே கிடையாது. 1870-இல்தான் அத்தனை கறுப்பின மக்களையும் பெயர் சொல்லி எழுதினார்கள். குடும்ப வரலாறு தேடும் கறுப்பினத்தவர் பலருக்கு அந்த 1870-ஐத் தாண்டிப் பின்னால் போவது பெரும்பாடு. அவர்கள் அதைச் 'சுவர்' என்றே சொல்கிறார்கள். அப்படியொரு மக்கள் கூட்டம் முதன்முறையாக ஒரு குமாஸ்தாவின் முன்னால் நின்று குடும்பப் பெயர் சொல்ல வேண்டும் என்றால், என்ன பெயர் சொல்வார்கள்? நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் குறை சொல்ல முடியாத பெயரைச் சொன்னவர்கள் ஏராளமாக இருந்திருப்பார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. அடிமைகளுக்குள் வாஷிங்டன் என்பது ஆள் பெயராகவும் வழங்கியது. அப்பன் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக நின்ற வீடுகளும் உண்டு.

புக்கர் டி. வாஷிங்டன் விஷயத்தில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் உப்புச் சூளையில் வேலை பார்த்த சிறுவன், பள்ளிக்கூடம் போனதும்தான் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் குறைந்தது இரண்டு பெயர் இருப்பதைக் கவனிக்கிறான். அவனுக்குத் தெரிந்தது 'புக்கர்' மட்டும். வாத்தியார் வருகைப் பதிவுக்கு முழுப் பெயர் கேட்க, தயங்காமல் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டான். வளர்ப்புத் தந்தையின் பெயர் வாஷிங்டன். பிறந்தபோது டாலிஃபெரோ என்று அம்மா ஒரு பெயர் வைத்திருந்தது பின்னால்தான் தெரிகிறது. நடுவிலுள்ள 'டி' அதுதான். தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு இந்த நாட்டில் அதிகம் பேருக்குக் கிடைத்ததில்லை என்று அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த வரியில் கசப்பு இல்லை, பெருமிதம்தான் இருக்கிறது. டஸ்கீகியில் பெரிய கல்வி நிலையம் ஒன்றை 1881 முதல் கட்டி எழுப்பியவர் அவர். இன்று அமெரிக்காவில் எத்தனையோ பள்ளிகளின் வாசலில் வாஷிங்டன் என்று இருப்பது இவருக்காக.

எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர்: ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்து, மவுண்ட் வெர்னனில் குதிரை லாயத்தில் வேலை செய்தவர். பண்ணைக் கணக்குகளில் வெறும் 'ஹாரி'. 1776-இல், எஜமான் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருக்கும்போது, ஹாரி தப்பி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துவிட்டார். போர் முடிந்து 1783-இல் ஆங்கிலேயர் நியூயார்க்கைக் காலி செய்தபோது, தப்பி வந்த அடிமைகளைத் திருப்பித் தரச் சொல்லி ஜார்ஜ் வாஷிங்டனே நேரில் கேட்டார். தளபதி கார்ல்டன் மறுத்துவிட்டார். கப்பலேறியவர்களின் பதிவேட்டில் ஹாரி வாஷிங்டன், வயது 43 என்று இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவின் குளிரில் சில ஆண்டுகள், 1792-இல் அங்கிருந்து சியரா லியோன். அங்கே குடியேற்றத்தை நடத்திய ஆங்கிலேயக் கம்பெனி விதித்த நிலவரியை எதிர்த்து 1800-இல் குடியேறிகள் கிளர்ந்தபோது அதிலும் ஹாரி இருந்தார், நாடு கடத்தப்பட்டார். தப்பி வந்த பண்ணையின் எஜமான் பெயரைத் தன் பெயரோடு ஏன் வைத்துக்கொண்டார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. எஜமானின் மீது பாசம் என்று இதை யாராவது விளக்கினால் எனக்கு ஏற்க முடியாது. ஓடிவந்த ஆள் அவர். இந்தப் பெயர் உனக்கு மட்டும் சொந்தமில்லை என்று சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அது உண்மையில் நடந்தும் விட்டது. அமெரிக்கத் தலைநகர மக்கள் நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்க முடியாமல் இருந்தார்கள். அந்த உரிமை திரும்பக் கிடைத்து 1974-இல் அவர்கள் தேர்ந்தெடுத்தவர் பெயர் வால்டர் வாஷிங்டன். அடிமையாக இருந்த ஒருவரின் கொள்ளுப்பேரன். வாஷிங்டன் நகருக்கு வாஷிங்டனே மேயர். அங்குள்ள மாநாட்டு மையம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானவர் ஹரால்டு வாஷிங்டன். நகரத்தின் மத்திய நூலகம் அவர் பெயரில். எட்டு நூற்றாண்டுக்கு முன் ஊரிலிருந்து ஆளுக்கு வந்த பெயர், அடிமைகளின் வாரிசுகள் வழியாக மறுபடியும் இடங்களுக்குப் போயிருக்கிறது.

இங்கிலாந்தில் அந்த ஓல்டு ஹாலின் கதியையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அதை அறை அறையாகப் பிரித்து ஒன்பது குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. 1930களில் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள். உள்ளூர் ஆசிரியர் ஒருவர் ஆள் சேர்த்து இடிபடாமல் காப்பாற்றினார். 1977-இல் ஜிம்மி கார்ட்டர் அந்தக் கிராமத்துக்கு வந்து மரம் நட்டார். ஜூலை 4 அன்று அங்கே கொடியேற்றம் நடக்கும். ஆங்கிலேயரிடமிருந்து அமெரிக்கா விடுதலை அறிவித்த நாளை ஆங்கிலேயர் கொண்டாடும் அந்தக் காலை நேரம் எனக்குப் பிடிக்கும். ஆனால் கண்காட்சியில் ஜார்ஜின் வம்சவரிசைக்குக் கொடுத்த சுவரில் பாதியாவது ஹாரிக்கும் புக்கருக்கும் கொடுத்தால் நியாயமாக இருக்கும்.

நம் வாஷிங்டன் சுந்தரைப் பற்றிக் கட்டாயம் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். அவருக்கு அது குடும்பப் பெயர் இல்லை. அவர் அப்பா சுந்தர் திருவல்லிக்கேணியில் வசதியில்லாத சிறுவனாகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது, அக்கம்பக்கத்தில் வாஷிங்டன் என்ற ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர் இருந்தார். மைதானத்துக்கு வந்து ஆட்டம் பார்ப்பார். பள்ளிக் கட்டணம் கட்டினார், சீருடை வாங்கித் தந்தார், சைக்கிளில் மைதானத்துக்கு அழைத்துப் போனார். 1999-இல் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் சுந்தருக்கு மகன் பிறந்தான். வழக்கப்படி காதில் ஸ்ரீனிவாசன் என்று சாமி பெயரைச் சொல்லிவிட்டு, அழைக்கும் பெயராக வாஷிங்டன் என்று வைத்தார். இரண்டாவதாக ஒரு மகன் பிறந்திருந்தால் அவனுக்கு வாஷிங்டன் ஜூனியர் என்று வைத்திருப்பேன் என்று அந்த அப்பா ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.