எரித்த வரலாறு புதிதாகத்தான் தெரியும்

கேள்வி: பெர்லின் நகரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் போர், சுவர் என்று எழுதிக்கொண்டே வந்து, நடுவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய மதுவிடுதி, நடன அரங்கு என்று இரண்டு பக்கத்தைக் கொடுத்துவிட்டீர்கள். இவர்கள் கூடிக் குடித்து ஆடியதெல்லாம் ஒரு நகரத்தின் வரலாறா? நேற்று முளைத்த மோகத்துக்கு எதற்கு இத்தனை இடம்?

– வாசகர் ஒருவர்

பதில்: ‘நேற்று முளைத்த’ என்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1897 மே மாதம் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் பெர்லினில் நண்பர்கள் சிலரோடு ஓர் அமைப்பைத் தொடங்கினார். ஆணும் ஆணும் உறவுகொண்டால் சிறை என்றது ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு. அதை நீக்கச் சொல்லி மனு தயாரித்துக் கையெழுத்து வாங்கினார்கள். சோஷலிஸ்ட் தலைவர் ஆகஸ்ட் பேபல் கையெழுத்துப் போட்டார். 1898-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து அதற்காகப் பேசவும் செய்தார். பின்னாளில் ஐன்ஸ்டைனும் கையெழுத்திட்டார். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் முந்தைய கதை இது.

1919-ல் ஹிர்ஷ்ஃபெல்ட் பாலியல் ஆய்வு நிறுவனம் ஒன்றைத் திறந்தார். மருத்துவ ஆலோசனை, நூலகம், பொதுமக்களுக்கான சொற்பொழிவு எல்லாம் அங்கே நடந்தன. வெளியில் யாரும் வேலை தராத திருநங்கைகள் சிலர் அங்கேயே வேலை பார்த்தார்கள். ஆணாகப் பிறந்தவர் என்று பதிவாகியிருந்த ஒருவர் பெண் உடையில் தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும் காலம் அது. ஹிர்ஷ்ஃபெல்ட் போன்ற மருத்துவர்கள் சான்று எழுதித்தர, அந்த உடையில் நடமாட பெர்லின் போலீஸே அனுமதி அட்டை வழங்கியது. ஒரு துண்டு அட்டைதான். ஆனால் அது பையில் இருந்தால் பயமில்லாமல் கடைக்குப் போய்வரலாம்.

சரி, ‘கூடிக் குடித்து ஆடியது’ என்ற உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்களோடு பெரிய சண்டை. கல்யாண வீடு, திருவிழா, தேநீர்க்கடை பெஞ்சு என்று மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பழக ஆயிரம் இடம் இருக்கிறது. தன்னைப் போல் இன்னொருவர் உலகத்தில் இருக்கிறாரா என்றே தெரியாமல் வளரும் ஒருவருக்கு எந்த இடம் இருக்கிறது? அந்த விடுதிகள்தான் இருந்தன. 1924-ல் ‘தோழி’ என்று பொருள்படும் பெயரில் பெண்களை விரும்பும் பெண்களுக்காக ஒரு பத்திரிகை பெர்லினில் வரத் தொடங்கியது. கதை, கட்டுரையோடு எந்த அரங்கில் எந்த இரவு நடனம் என்ற அறிவிப்பும், துணை தேடுவோரின் சிறு விளம்பரமும் அதில் இருக்கும். தெருமுனைக் கடையில் தொங்கும் அதைக் காசு கொடுத்து வாங்கக் கை நடுங்கியிருக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவள் வாங்கியது குடிக்க இடம் தேடி அல்ல.

1929 அக்டோபரில் நாடாளுமன்றக் குழு ஒன்று, வயதுவந்த ஆண்கள் மனமொப்பிக் கொள்ளும் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்க வாக்களித்தது. அது சட்டமாவதற்குள் காலம் புரண்டுவிட்டது.

அப்புறம் நடந்தது, ‘புதிது’ என்ற உங்கள் எண்ணத்துக்கே காரணமானது. 1933 மே 6 காலையில் மாணவர்கள் பேண்டு வாத்தியத்தோடு அந்த ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். மிச்சத்துக்கு மாலையில் ஹிட்லரின் அடியாள் படை வந்தது. 10,000-க்கும் மேற்பட்ட புத்தகங்கள் இருந்த நூலகம் அது. மே 10 இரவு அங்கிருந்து அள்ளியவற்றை ஓபரா சதுக்கத்தில் தீயிட்டார்கள். ஹிர்ஷ்ஃபெல்டின் மார்பளவுச் சிலையையும் ஊர்வலமாகத் தூக்கிவந்தார்கள். வெளிநாட்டில் இருந்த அவர், பாரிஸில் ஒரு திரையரங்கின் செய்திப் படத்தில் அந்தத் தீயைப் பார்த்தார். 1935-ல் தன் 67-ஆவது பிறந்தநாளன்று நீஸ் நகரில் இறந்துபோனார். பெர்லினுக்கு அவர் திரும்பவே இல்லை. ‘தோழி’யும் 1933-ல் நின்றது. தன்பாலீர்ப்பாளர்கள் கூடியதாக ஊரறிந்த எல்டொராடோ விடுதியின் முகப்பில் அந்த ஆண்டே ஹிட்லர் கட்சியின் ஸ்வஸ்திகா தொங்கியது. அந்தப் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

புத்தகம், குறிப்பு, கடிதம் எல்லாவற்றையும் எரித்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதுவுமே இருந்ததில்லை என்றுதான் தோன்றும். நீங்கள் அப்படி நினைப்பதில் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். எரித்தவர்கள் விரும்பியதும் அதைத்தானே?

1935-ல் 175-ஆம் பிரிவை இன்னும் கடுமையாக்கினார்கள். நாஜி ஆட்சியில் ஏறத்தாழ 50,000 ஆண்கள் அதன்கீழ் தண்டிக்கப்பட்டார்கள். 5,000 முதல் 15,000 பேர் வரை வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அடையாளமாகச் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம்.

ஹிட்லரோடு இது முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேற்கு ஜெர்மனி அந்த நாஜி வடிவத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் 1969 வரை வைத்திருந்தது. அதில் மேலும் ஏறத்தாழ 50,000 பேர் தண்டனை பெற்றார்கள். அந்தச் சட்டம் செல்லும் என்று அதன் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்த தேதி 1957 மே 10. புத்தகங்கள் எரிந்து அன்றோடு சரியாக 24 ஆண்டுகள். முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் இழப்பீடு கேட்டால், நீ சட்டப்படி குற்றவாளிதானே என்று கைவிரித்தார்கள். கிழக்கு ஜெர்மனி 1968-லேயே அந்தப் பிரிவை நீக்கியது. ஆக, நீங்கள் கேட்ட அதே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். இதை விட்டுவிட்டு அந்தச் சுவரின் வரலாற்றை எப்படி எழுத முடியும், சொல்லுங்கள்.

175-ஆம் பிரிவு முழுதாக ஒழிந்தது 1994-ல். போருக்குப் பின் தண்டிக்கப்பட்டவர்களின் தீர்ப்புகளை ரத்து செய்ய 2017 வரை ஆயிற்று. ஒரு தீர்ப்புக்கு 3,000 யூரோ, சிறையில் தொடங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 1,500 யூரோ என்று கணக்குப் போட்டார்கள். 1950-களில் இருபது வயதில் பிடிபட்டவருக்கு அப்போது எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். பெரும்பாலானவர்கள் விண்ணப்பம் போடவே உயிரோடு இல்லை.

அந்த ஓபரா சதுக்கத்துக்கு இன்று பெயர் பேபல் சதுக்கம். மனுவில் கையெழுத்திட்ட அதே பேபல்தான். அங்கே தரையில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளை அறை, சுவர் முழுக்கப் புத்தக அலமாரிகள். 20,000 புத்தகங்கள் வைக்கலாம். ஒன்றுகூட இல்லை.