பிட்ஸ்ட்ரீமா, பிசிஎம்மா? டிவிடி, ப்ளூரே பிளேயர் கேள்வி பதில்

செட்டப் மெனுவில் புரியாத சொல் எதுவானாலும் கேளுங்கள். "எந்த மாடல் வாங்கலாம்" என்பதற்கு மட்டும் இங்கே பதில் கிடையாது.

ஈரோடு: சார், ப்ளூரே பிளேயர்ல இருந்து 5.1 ஆம்புக்கு ஆப்டிகல் வயர் போட்டிருக்கேன். முன்னாடி ரெண்டு ஸ்பீக்கர்தான் பேசுது. ஆம்ப் ரிப்பேரா?

ஆம்ப், அதாவது ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, நன்றாகத்தான் இருக்கிறது. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி. பிளேயரின் ஆடியோ மெனுவில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று நிற்கும், பாருங்கள். டிஸ்கில் இருக்கும் ஒலி கட்டிய பொட்டலம். பிசிஎம் என்றால் பிளேயரே அதைப் பிரித்து அனுப்புகிறது. பிட்ஸ்ட்ரீம் என்றால் கட்டோடு அனுப்பிவிடும், ஆம்ப் பிரித்துக்கொள்ளும். பிரித்த ஒலியில் இரண்டு சேனலுக்கு மேல், அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலிக்கு மேல், ஆப்டிகலில் போகாது. பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றினால் பின் ஸ்பீக்கர் பேசும். மெனுவைத் திறக்காமல் வயர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

மதுரை: 55 இன்ச் டிவி வாங்கியும் படத்துக்கு மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருதே?

சினிமாஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. உங்கள் டிவி 16:9, அதாவது 1.78 மடங்கு. பட்டை வரத்தான் செய்யும். இழுத்து நிரப்பினால் ஆட்கள் நெட்டையாவார்கள், ஜூம் செய்தால் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போவார். நான்கு பக்கமும் பட்டை வந்தால்தான் கோளாறு: பிளேயரில் 'டிவி டைப்' பழைய 4:3 லெட்டர்பாக்ஸில் இருக்கும். 16:9 ஆக்குங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, கனடாவில இருந்து அக்கா கொண்டுவந்த டிவிடி 'ரீஜன் எரர்' எண்டு காட்டுது. டிஸ்க் பழுதோ?

பழுதில்லை தம்பி. கனடா, அமெரிக்கா ரீஜன் (மண்டலம்) 1. இந்தியா, இலங்கை ரீஜன் 5. பிளேயரும் டிஸ்கும் ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. உறையின் பின்பக்கம் சின்ன உலக உருண்டைக்குள் இந்த எண் இருக்கும். 0 அல்லது 'ஆல்' என்றிருந்தால் எங்கும் ஓடும். ப்ளூரேயில் எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி. நம் பக்கம் சி. 4கே ப்ளூரேயில் இந்தத் தொல்லையே இல்லை.

திருச்சி: ஒரே படம் ப்ளூரேல 150 நிமிஷம், டிவிடில 144 நிமிஷம். 6 நிமிஷம் வெட்டிட்டாங்களா?

இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். எதையும் வெட்டவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். நம்மூர் டிவி முறையான பால் (PAL), நொடிக்கு 25. இடைவெளியை நிரப்ப எளிய வழியாக, படத்தையே 25 என்ற வேகத்தில் ஓட்டிப் பதிந்துவிடுவார்கள். 150ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 144. பதியும்போது சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதியும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். காது பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி டிஸ்கில் நேரம் மாறாது. அங்கே ஒரு ஃபிரேமை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை காட்டிச் சமாளிப்பார்கள். அதனால் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பும்போது காட்சி லேசாகத் திக்கும். ப்ளூரே மெனுவில் '24பி' என்றொரு வரி உண்டு. அதை ஆன் செய்தால், டிவியும் ஏற்றுக்கொண்டால், இரண்டு வம்பும் தீர்ந்தது.

கோவை: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னது சரி. என்கிட்ட எச்டிஎம்ஐ இருக்கு. பிசிஎம்ல சவுண்டு சப்பையா இருக்கு, பிட்ஸ்ட்ரீம்ல கனமா இருக்கு. ஆம்ப்ல 'டிடிஎஸ்-எச்டி'ன்னு லைட்டும் எரியுது.

லைட்டுக்குக் காது கிடையாது. டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, டால்பி ட்ரூஎச்டி இரண்டும் ஒலியைப் பொட்டலம் கட்டும் முறைகள், அதிலும் எதுவும் தொலையாத, இழப்பில்லாத வகை. பொட்டலத்தை யார் பிரித்தாலும் உள்ளே இருப்பது அதே எண்கள்தான். இரண்டுக்கும் ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேட்டீர்களா? உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப ஒலி மோடைத் தனித்தனியாக நினைவில் வைக்கும் ஆம்புகள் உண்டு, அதனால் சத்தமும் கூடக் குறைய இருக்கலாம். கொஞ்சம் கூடுதல் சத்தத்தையே காது 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும்.

கோவை: அப்போ அட்மாஸ்? பிசிஎம்ல மேல் ஸ்பீக்கர் ஊமையாகுதே!

அது வேறு வழக்கு. அட்மாஸ் என்பது மேல் ஸ்பீக்கரையும் பேச வைக்கும் டால்பியின் ஒலி முறை. அதில் எந்த ஓசை எந்தத் திசையில் என்ற குறிப்பும் கூடவே வருகிறது. பிளேயர் பிரித்தால் அந்தக் குறிப்பு தொலைந்துபோகும். அட்மாஸ், அதே மாதிரியான டிடிஎஸ்:எக்ஸ் இரண்டுக்கும் பிட்ஸ்ட்ரீம்தான்.

திருநெல்வேலி: அப்பம் எப்பவும் பிட்ஸ்ட்ரீம்லயே வச்சுட்டுப் போலாம்லா, பிசிஎம் எதுக்கு?

மெனு பட்டனின் 'டிக்' ஓசை, படத்துக்குள் சின்னக் கட்டத்தில் வரும் இயக்குநர் பேச்சு, இவையெல்லாம் படத்தின் ஒலியோடு கலப்பது பிளேயருக்குள். 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று மெனுவில் இருக்கும். கலக்க வேண்டுமென்றால் பிரித்தாக வேண்டும். அதை ஆனில் விட்டு பிட்ஸ்ட்ரீமும் கேட்டால், பல பிளேயர்கள் பிரித்துக் கலந்து மறுபடி சாதா டால்பி டிஜிட்டலாகக் கட்டி அனுப்பும். ட்ரூஎச்டி டிஸ்க் போட்டும் ஆம்ப் வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்று காட்டினால் இதுதான் காரணம். ஆஃப் செய்யுங்கள். புது வயர் வாங்காதீர்கள்.

சேலம்: டிவிடியை 4கே பிளேயர்ல போட்டா 4கே ஆகுமா?

பால் டிவிடியின் ஒரு ஃபிரேமில் 720 × 576 புள்ளிகள். 4கே திரையில் 3840 × 2160, சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளி நிஜம் என்றால் மீதி 19ஐ இயந்திரம் ஊகித்து நிரப்புகிறது. அப்ஸ்கேலிங் அவ்வளவுதான். நன்றாக ஊகிக்கும் பிளேயரில் பார்க்க இதமாக இருக்கும், புது விவரம் எதுவும் வராது.

வேலூர்: வசனம் கேக்கல, சண்டைன்னா வீடு அதிருது.

'டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல்' அல்லது 'நைட் மோட்' ஆன் செய்யுங்கள், மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளி குறையும். சென்டர் ஸ்பீக்கர் இருந்தால் அதையும் சற்று ஏற்றுங்கள்.

தஞ்சாவூர்: விலை அதிகமான தங்க முலாம் எச்டிஎம்ஐ வயர்ல கலர் நல்லா வருமாமே?

வராது. இந்த வயரில் போவது எண்கள். எண் சேரவில்லையென்றால் திரையில் பொறி பறக்கும், படம் விட்டுவிட்டு வரும், நிறம் மங்காது. 4கே பிளேயருக்கு நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் வயர் போதும். மூன்றாவது தடவையாக வயர் பற்றிச் சொல்கிறேன்.

கடலூர்: சார், மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: எல்லாம் சரி சார், ஆனா அந்த லைட் எரியும்போது சவுண்டு...

ஆம்பின் டிஸ்ப்ளே மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, வீட்டில் வேறு யாரையாவது பிசிஎம், பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது எது என்று தாளில் எழுதுங்கள். தாளோடு வாருங்கள், பேசலாம்.