கெட்டிக்காரி அக்காவும் மக்குத் தம்பியும்

வணக்கம் அம்மா,

சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருவையாற்றுப் பக்கத்திலிருந்து பஸ் மாறி என்னிடம் ஆலோசனை கேட்க வந்தீர்கள். பேச்சு முழுக்க மகளைப் பற்றித்தான். "பத்தாவதுல 471 எடுத்தவ சார், பதினொண்ணுக்கு வந்ததும் இயற்பியல்ல 38 எடுக்கறா. யார் கண்ணு பட்டதோ" என்றீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் நிதானமாகப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். மகள் என்னிடம் தனியாகச் சொன்னதில், அம்மாவிடம் சொல்லலாம் என்று அவள் ஒத்துக்கொண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்குப் படிப்பில் வெறுப்பு வந்துவிடவில்லை. புரியாத இடத்தில் எழுந்து கேட்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் வகுப்பில் 'படிப்ஸ்' என்று கேலி. கேள்வி எளிதானதாக இருந்துவிட்டால் "உனக்கே இது தெரியாதா?" என்று சிரிப்பு. புத்தகத்தைத் தொடாமலே மார்க் எடுத்தேன் என்று சொல்கிறவர்களுக்குத்தான் அங்கே மதிப்பு. அதனால் இரவில் படித்துவிட்டு, காலையில் தோழிகளிடம் "ஒண்ணுமே படிக்கலடி" என்கிறாள். மார்க் குறைந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும் அல்லவா? "படிச்சும் வரலன்னா எனக்கு மூளை இல்லைன்னு ஆயிடும்ல சார்?" என்று கேட்டபோது அவள் கண் கலங்கியிருந்தது.

இதற்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணம் இல்லை. வருத்தப்படாமல் கேளுங்கள். என் முன்னால் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் "இவ பொறந்ததுலேருந்தே மூளைக்காரி" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டீர்கள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அவள் காதில் அது காப்பாற்றியே ஆகவேண்டிய பட்டமாக விழுகிறது. ஒரு 38 வந்தால் பட்டம் போய்விடும் என்று பயப்படுகிறாள்.

அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்தாய்" என்றார்கள். வித்தியாசம் அந்த ஒரே வரிதான். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலானோர் அடுத்து எளிதான புதிரையே கேட்டார்கள். கடினமான புதிரில் தோற்றபின் அவர்களுடைய மதிப்பெண் முன்பு எடுத்ததைவிட இறங்கிவிட்டது. வேறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் போடாமல் எழுதச் சொன்னபோது, அவர்களில் பத்துக்கு நாலு பேர் அளவுக்குத் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். பாராட்டை மாற்றினால் மார்க் கொட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் பல்லாயிரம் மாணவர்களிடம் செய்த ஆய்வுகளில் இப்படிப்பட்ட மாற்றங்களின் பலன் சிறிதாகத்தான் இருந்தது. ஆனாலும் உங்கள் மகள் சொன்னதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நம் பக்கத்தில் மூளை என்றதும் கும்பகோணத்து ராமானுஜனைச் சொல்லிவிடுவோம், நீங்களும் சொன்னீர்கள். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவர் அவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. மகளிடம் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதைவிட, தையல் பழகும்போது நாலு ஜாக்கெட் துணியைப் பாழாக்கினேன் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னீர்களே, அதைச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் முதலில் கை வரவில்லை என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அப்புறம், 12-ஆம் வகுப்புக்கு விடுதி வசதியுள்ள தனியார் பள்ளிக்கு மாற்றும் யோசனை. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் போன்ற படிப்புகளுக்கும் 2021-இல் வந்துவிட்டது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறு வருடம் படித்துவிட்டுக் கடைசி ஒரு வருடத்துக்காக மாற்றினால் அந்த உரிமை போய்விடும். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது என்பதையும் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

நீட் எழுதட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'டாக்டர் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை' என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். உயிரியலில் அவளுக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சியில் வேளாண் கல்லூரி இருக்கிறது. தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இனி தம்பி. உண்மையில் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான். "இவன் மக்கு சார், படிப்பு ஏறலன்னா அப்பாவோட வயலுக்குப் போகட்டும்" என்று அவனை வைத்துக்கொண்டே சொன்னீர்கள். நம் ஊர்களில் பல வீடுகளில் இப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறோம்: மூளை உள்ளது பட்டணத்துக்கு, இல்லாதது வயலுக்கு. சோறு போடும் வயலைத் தண்டனையாக ஆக்கிவிட்டோம். அதைச் செய்கிற அப்பாவைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கும்?

நீங்கள் வெளியே போனபோது அவனிடம் சம்பா அறுப்பு பற்றிக் கேட்டேன். ஏழு மா நிலம், மெஷின் ஒரு மா அறுக்க 25 நிமிடம், மணிக்கு 2,400 ரூபாய் என்றான். மொத்தம் எவ்வளவு என்றேன். நான் போனை எடுப்பதற்குள் "ஏழாயிரம்" என்றான். கணக்குத் தேர்வில் இவன் 29 என்று சொன்னீர்கள். இவனுக்குக் கணக்கு வருகிறது. தாளில் கேட்கும் மொழிதான் வரவில்லை. அது ஆசிரியரோடு உட்கார்ந்து சரிசெய்யக்கூடியது.

அவன் இப்போது ஏழாவது. அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு வரும். தேறினால் 9 முதல் 12 வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும் என்பதால் இந்த ஆண்டுத் தேர்வு முக்கியம். அக்கா இதற்கு எழுதினாள், "இவனுக்கு எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள். விவசாயம்தான் பிடிக்கிறது என்றால் மேல்நிலையில் வேளாண் அறிவியல் பிரிவு உண்டு. படித்துவிட்டும் வயலுக்கு வரலாம்.

வீட்டில் உடனே செய்யக்கூடியது ஒன்று. மகள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எவ்வளவு?" என்று கேட்கிறீர்களாம். அந்தக் கேள்வியை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். சாப்பிட்டு முடித்தபின் "எந்த இடத்துல மாட்டிக்கிட்ட?" என்று கேளுங்கள். இயற்பியல் உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை. அவள் சொல்ல, நீங்கள் கேட்டாலே போதும். தம்பியிடமும் அதே கேள்வி. உங்கள் வீட்டுக்காரர் டீக்கடையில் அவளுடைய 471-ஐச் சொல்வதையும் கொஞ்ச நாள் விடட்டும். 38 வந்த அன்று அந்தக் கடையைத் தாண்டி வரவே அவளுக்குக் கூச்சமாக இருந்ததாம்.

அறுப்பு முடிந்ததும் ஒரு சனிக்கிழமை உங்கள் மூன்று பேரோடு வீட்டுக்காரரும் வரட்டும். மகளின் இயற்பியல் விடைத்தாளையும் தம்பியின் கணக்குத் தாளையும் மறக்காமல் எடுத்துவாருங்கள். மார்க் போட்ட மேல்பக்கம் எனக்கு வேண்டாம், உள்ளே எங்கே நின்றுபோனார்கள் என்று ஒவ்வொரு கேள்வியாகச் சேர்ந்து பார்ப்போம்.